செம்பனை நிழலில் மேய்ச்சல்: ஆதாயம் யாருக்கு, ஆபத்து யாருக்கு?

பந்திங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் நின்ற காலத்திலேயே லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை இருந்தது. கூலி போதாத தமிழ்க் குடும்பங்களுக்குப் பாலும் கன்றும் இன்னொரு வருமானம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின் அதே மேய்ச்சலை அரசும் ஆய்வாளர்களும் ‘செம்பனை–கால்நடை ஒருங்கிணைப்பு’ என்று ஊக்குவித்தார்கள். ஏறத்தாழ 57 லட்சம் ஹெக்டேரில் செம்பனை வளர்க்கும் மலேசியா, மாட்டிறைச்சியில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. அதில் இந்திய எருமை இறைச்சிக்கே முதலிடம். மரத்தடிப் புல்லை இறைச்சியாக்கலாம் என்ற யோசனை நியாயமானது. ஆனால் ஆதாயம் ஒருவருக்கும் ஆபத்து இன்னொருவருக்கும் போகும்வரை இம்முறை பொருளாதார ரீதியில் நிலைக்காது.

ஆதாயம் உண்மையானது. செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, முறையாக மாடு மேயும் தோட்டங்களில் களைக்கொல்லித் தேவை குறைவதையும் பறவை இனங்கள் பெருகுவதையும் காட்டியது. இதற்கு மனித முகமும் உண்டு. தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள். அவர்களின் உடல்நலக் கேட்டைத் தெனாகானித்தா அமைப்பு 2002இலேயே ஆவணப்படுத்தியது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020இல்தான் தடைசெய்யப்பட்டது. மாடு தின்னும் ஒவ்வொரு களையும் ஒரு பெண்ணின் முதுகிலிருந்து இறங்கும் மருந்துச் சுமை. ஆனால் மிச்சமாகும் மருந்துச் செலவு தோட்டக் கணக்கில்தான் சேர்கிறது. மாட்டுக்காரர் கைக்கு அதில் ஒரு காசும் வருவதில்லை.

இம்முறையின் குறைகளையும் மறைக்கக்கூடாது. இளம் செம்பனைக் கன்றுகளின் மட்டையை மாடு தின்றுவிடும் என்பதால் நட்ட முதல் சில ஆண்டுகள் உள்ளே விட முடியாது. மரம் வளர்ந்து மட்டைகள் கோத்துக்கொண்டால் வெயில் தரையைத் தொடாது, புல் மெலியும். ஏறத்தாழ 4 ஹெக்டேருக்கு ஒரு மாடு என்பதே பொதுவான பரிந்துரை. அப்படியானால் இருபது மாட்டுக்கு 80 ஹெக்டேர் வேண்டும். எந்தச் சிறு வளர்ப்பாளரிடமும் அவ்வளவு நிலம் இல்லை. நிர்வாகங்கள் வேறிரண்டு அச்சங்களையும் எழுப்புகின்றன: மண் இறுகும், கெனோடெர்மா அடித்தண்டழுகல் பரவும். பந்திங்கைப் போன்ற கடலோரக் களிமண்ணில் இவை வெறும் சாக்குகள் அல்ல. அந்நோய் இத்தகைய மண்ணில் கடுமையாகத் தாக்கும். ஆயினும் கெனோடெர்மா பெரும்பாலும் பழைய கட்டைகளிலிருந்தும் வேரோடு வேர் தொட்டும் பரவுகிறது. மண் இறுகுவது ஒரே இடத்தில் மந்தை நெடுநாள் நிற்கும்போதுதான். மின்வேலி கட்டிப் பகுதி பகுதியாக மேய்த்தால் அதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

அந்த வேலிக்குப் பணம் போடுவது யார் என்பதில்தான் எல்லாம் முட்டி நிற்கிறது. நாளை வெளியேறச் சொல்லக்கூடிய நிலத்தில் எவரும் முதலீடு செய்யமாட்டார். பேராக்கில் தோட்டங்களிலிருந்து மாடு வளர்ப்போர் வெளியேற்றப்படுவதை எதிர்த்து மலேசிய சோசலிசக் கட்சி பலமுறை போராடியிருக்கிறது. வாய்மொழி அனுமதி, மேலாளர் மாறினால் மறைந்துவிடும். உரிமையில்லாத மந்தை சாலைக்கு வருகிறது. பிறகு அதையே காட்டி ‘மாட்டுக்காரர்கள் தொல்லை’ என்கிறார்கள். அப்படியானால் கொட்டிலில் அடைத்துப் பெருவாரியாக வளர்க்கலாமே என்று கேட்கலாம். 25 கோடி ரிங்கிட் அரசுக் கடனுடன் கெமாஸில் தொடங்கிய தேசியக் கால்நடைக் கொட்டில் திட்டம் இலக்கை எட்டவில்லை எனத் தலைமைக் கணக்காய்வாளரின் 2010ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. பெருமுதல் மட்டும் வெற்றியைத் தந்துவிடாது என்பதற்கு அது போதுமான சான்று.

மரத்தடி மேய்ச்சல் நாட்டின் இறைச்சிப் பற்றாக்குறையைத் தீர்க்காது. புல்லின் அளவே அதற்கு வரம்பு. துணை வருமானமாக, மருந்துச் செலவைக் குறைக்கும் வழியாக அது நிற்கும். அதற்குத் தோட்ட நிறுவனமும் வளர்ப்பாளரும் எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும்: எத்தனை மாடு, எந்தப் பகுதி, எத்தனை ஆண்டு, மிச்சமாகும் மருந்துச் செலவில் வேலிக்கு எவ்வளவு, மறுநடவின்போது மாற்றிடம் எது. இத்தகைய ஒப்பந்தத்தை நிலக் குத்தகையின் நிபந்தனையாக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. அதைச் செய்யாமல் ஒருங்கிணைப்பைப் பற்றிப் பேசுவது, ஏழையின் மந்தையை இலவசக் களையெடுப்பாகப் பயன்படுத்துவதற்குச் சமம்.