ஒரே ஓடு, வேறு வீடு

காசிட்டா என்றொரு அமெரிக்க ட்ரெய்லர். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு, டெக்சாஸில் தயாராவது. அதில் 17 அடி நீளத்தில் வரும் வகைகளில் ஸ்பிரிட், ஃப்ரீடம், லிபர்ட்டி என்ற மூன்றைப் பார்ப்போம். மூன்றையும் வரிசையாக நிறுத்தினால் எது எதுவென்று வெளியிலிருந்து சொல்லப் பழகிய கண் வேண்டும். ஒரே வெள்ளை ஓடு, ஒரே உருண்ட முகம், ஒற்றை ஆக்சில், முன்னால் நீளும் இழுவைச் சட்டத்தில் கேஸ் சிலிண்டர். சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 3,500 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் ஒன்றுதான். நம் கணக்கில் ஏறத்தாழ 1,590 கிலோ. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் சுற்றக் கிளம்பும் தம்பதிகள் இந்த மூன்றுக்கும் நடுவே மாதக்கணக்கில் தவிப்பார்கள். வீண் தவிப்பில்லை அது. இழுவைச் சட்டத்தையும் சேர்த்து அளந்த 17 அடி. அதற்குள் ஓர் அங்குலத்தை எங்கே நகர்த்தினாலும் இருவரில் ஒருவருடைய தூக்கத்தில் போய்த் தட்டும்.

ஸ்பிரிட்டில் கட்டில் பின்சுவரை ஒட்டி அகலவாக்கில் கிடக்கிறது. வண்டி எந்தத் திசை பார்த்து நின்றாலும் இதைக் கிழக்கு மேற்குக் கட்டில் என்பார்கள். நீளவாக்கில் போட்டால் வடக்கு தெற்கு. வண்டியின் வெளி அகலமே 6 அடி 8 அங்குலம்தான். சுவரின் கனம் போக மிஞ்சியதில் தலையிலிருந்து கால்வரை அடங்க வேண்டும். ஒருவருக்கு ஜன்னலோரம், மற்றவருக்கு நடைவழியோரம். ஜன்னலோரத்துக்காரருக்குப் பின்ஜன்னல் காற்று முழுவதும் சொந்தம். ஆனால் நடுராத்திரியில் எழுந்து போக வேண்டுமென்றால் துணையைத் தாண்டித் தவழ்ந்துதான் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் தினமும் செய்கிற காரியமில்லை அது.

இருந்தும் ஸ்பிரிட்டைத் தேடி வாங்குகிறவர்கள் ஏராளம். காரணம் அதிலுள்ள இரண்டாவது மேசை. பின்னாலிருக்கும் அந்தக் கட்டில் உண்மையில் பெரிய சாப்பாட்டு மேசை. காலைக் கழற்றி, பலகையை இரு இருக்கைகளின் விளிம்பிலுள்ள தாங்கியில் இறக்கி, சாய்மான மெத்தைகளை அதன்மேல் பரப்பினால் கட்டிலாகிவிடும். காலையில் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி மாட்ட வேண்டும். இரண்டாம் நாளே கை சலித்துப் போகிற வேலை. ஸ்பிரிட்டை வகுத்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. பக்கச் சுவரை ஒட்டி, எதிரெதிரே இருவர் மட்டும் உட்காரும்படி இன்னொரு குட்டி மேசையை வைத்துவிட்டார். பின்கட்டில் கட்டிலாகவே கிடக்கலாம், விரிப்புக் கலைய வேண்டியதில்லை. நான்கு மணிக்கு விழித்துக்கொள்கிறவர் சத்தமில்லாமல் வந்து அங்கே உட்கார்ந்து காபி குடிக்கலாம். ஏழு மணிவரை தூங்குகிறவருக்குத் தொந்தரவு கிடையாது. ஒருவருக்குச் சளி பிடித்து இருமல் ஓயாவிட்டால், குட்டி மேசையே ஒற்றைக் கட்டிலாகி அவரைத் தனியே படுக்க வைக்கும்.

ஃப்ரீடம் அந்தக் குட்டி மேசை இருந்த இடத்தில் மட்டும் கை வைக்கிறது. பெஞ்சுகளை எடுத்துவிட்டு, கைப்பிடியோடு திரும்பும் நாற்காலி இரண்டு. ட்ரெய்லர் பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்தவருக்கு இதன் அருமை புரியும். பெஞ்சின் முதுகு செங்குத்தாக நிற்கும், தொடைக்கும் தாங்கல் போதாது. நாற்காலியோ சுழல்கிறது, ஜன்னல் பக்கமும் திரும்புகிறது. பதிலுக்குப் போவது பெஞ்சுக்கு அடியில் இருந்த சாமான் இடமும், அந்த உபரிக் கட்டிலும். மாலையில் மூன்று மணி நேரம் புத்தகத்தோடு உட்கார்கிறவர்களுக்கு இது லாபமான மாற்று. மழை நாளில் வண்டிக்குள் விருந்தாளியை உட்கார வைக்க நினைப்பவர்களுக்கு அப்படியில்லை.

என் மனம் போவது லிபர்ட்டிக்கு. பின்பக்கத்தில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள், இருபுறச் சுவரையும் ஒட்டி நீளவாக்கில், நடுவே நடைவழி. இருவரும் அவரவர் பக்கத்திலிருந்து காலைக் கீழே வைத்து எழலாம். ஒருவர் எழுவது மற்றவருக்குத் தெரியவே வேண்டியதில்லை. ஆளுக்கொரு ஜன்னல், ஆளுக்கொரு போர்வை. இருவருக்கும் ஒரே போர்வையாக இருந்து இழுபறி நடந்த வீடுகளில் இது சின்ன வரம். நடுவழியை அடைத்து மெத்தை போட்டால் பின்பகுதி முழுவதும் ஒரே அகலக் கட்டில். பகலில் நடுவே மேசையை நாட்டினால் கட்டில்களே இருக்கைகள். ஆனால் உட்கார வேறு இடம் கிடையாது. காலையில் முதலில் எழுகிறவர் தூங்குகிறவருக்கு மூன்றடி தள்ளித்தான் உட்கார வேண்டும். ஸ்பிரிட் ஒருவரின் காலைப்பொழுதைக் காப்பாற்றிக் கொடுத்தது. லிபர்ட்டி காப்பாற்றுவது இருவரின் ராத்திரியை.

மூன்றிலும் பொதுவாகக் காணப்படும் ஓர் அறை முன்பக்கக் குளியலறை. கழிவறையும் ஷவரும் ஒரே தொட்டிக்குள் இருக்கும். குளித்தால் கழிவறை இருக்கையும் சேர்ந்து நனையும். தனியாகக் குளிக்கும் அறை உள்ள வண்டிகளைப் பார்த்தவர்கள் இதைக் கண்டதும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இந்த அறைமேல் பெரிய மதிப்பு உண்டு. மழையில் நனைந்த கோட்டையும் சேற்றுப் பூட்ஸையும் கொண்டுபோய்ப் போட வண்டியில் வேறு எந்த இடம் இருக்கிறது? சொட்டுகிற தண்ணீர் தானே வடிந்து கழிவுத் தொட்டிக்குப் போய்விடும். குளித்தபின் ரப்பர் துடைப்பானால் சுவரை மேலிருந்து கீழாக இரண்டு இழுப்பு இழுத்து, கூரை விசிறியை ஓடவிட்டால் சீக்கிரமே உலர்ந்துவிடும். டாய்லெட் பேப்பர் சுருளை மட்டும் முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். குளியலும் கழிவறையும் தனித்தனியாக வேண்டுமென்றால் வண்டி இன்னும் சில அடி நீள வேண்டும். அந்த நீளத்தை இழுக்க இன்னும் பெரிய பிக்கப் டிரக் வேண்டும்.

இந்த ஓட்டுக்கு ஒரு பூர்வகதை இருக்கிறது. கனடாவின் வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் எடை குறைந்த ஃபைபர்கிளாஸ் செப்டிக் டேங்க் செய்துகொண்டிருந்தார். அதே பொருளில், அதே முறையில் ட்ரெய்லரும் செய்யலாமே என்று தோன்றி, 1968-இல் போலர் என்ற 13 அடி வண்டியை உருவாக்கினார். மினசோட்டாவின் பேக்கஸ் என்ற சிற்றூரில் தயாராகும் ஸ்கேம்ப்பும், நாம் பார்த்த காசிட்டாவும் அந்த வழியில் வந்தவை. இவற்றுக்கு ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் முட்டை.

செய்முறையும் தலைகீழானது. வெளியே பளபளக்கும் மேல்பூச்சுதான் முதலில் உருவாகும். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவதுபோல வார்ப்பின் உட்புறத்தில் மெழுகு தேய்க்கிறார்கள். அதன்மேல் ஜெல்கோட் என்ற நிறப்பூச்சைத் தெளிக்கிறார்கள். பின் கண்ணாடி இழையும் ரெசினும் அடுக்கடுக்காக ஏறுகின்றன. இறுகியதும் கழற்றினால் ஓட்டின் மேல்பாதி. இதேபோல் கீழ்ப்பாதி. இரண்டையும் இடுப்பில் வைத்து இணைத்தால் வீடு. மரச்சட்டத்தின்மேல் தகடு அடித்து, கூரையை ரப்பர் விரிப்பால் மூடும் வழக்கமான ட்ரெய்லர்களில் ஒவ்வொரு மூலையிலும் ஓர் ஒட்டு இருக்கும். ஒட்டு உள்ள இடமெல்லாம் ஒருநாள் தண்ணீர் நுழையும் இடம், உள்ளே மரம் ஊறும் இடம். முட்டை ட்ரெய்லரில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒட்டே கிடையாது, வளைவுதான். முப்பது வயதான வண்டிகளும் நல்ல விலைக்குப் போவதற்கு அந்த வளைவே முதல் காரணம். ஜன்னல் ஓரம், கூரை விசிறியின் விளிம்பு, ரிவெட் ஓட்டைகள் ஆகியவற்றை மட்டும் கண்காணித்தால் போதும்.

டென்னஸியின் ஹோஹன்வால்டில் செய்யப்படும் ஆலிவர் இந்த யோசனையை இன்னொரு படி கொண்டுபோகிறது. ஓட்டுக்குள் ஓர் ஓடு. காசிட்டாவின் உட்சுவரில் கம்பளம் போன்ற துணி ஒட்டியிருக்கும். ஆலிவரின் உட்சுவரும் வார்த்தெடுத்த ஃபைபர்கிளாஸ், ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைக்கலாம். இரண்டு ஓடுகளுக்கும் நடுவே ஒயர், குழாய், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கின்றன. ஹீட்டரின் வெப்பம் அந்த இடைவெளியிலும் பரவுவதால் உறைபனி ராத்திரியிலும் தொட்டி எளிதில் உறையாது. 23 அடி 6 அங்குல எலீட் 2 வண்டியில் தம்பதிகளுக்கு இரண்டு அமைப்பு: ஒரே பெரிய கட்டில் அல்லது இரட்டைக் கட்டில். பெரிய கட்டிலைத் தேர்ந்தால் பகலில் அது விசாலமான மேசை. இரட்டைக் கட்டிலில் லிபர்ட்டியின் குறை தீர்கிறது: இரு கட்டில்களின் தலைமாட்டுக்கு நடுவே ஒரு சின்ன மேடை இருக்கிறது, மூக்குக்கண்ணாடியும் தண்ணீர் டம்ளரும் வைக்க, எதிரெதிரே இருவர் உட்காரத் தனி மேசையும் உண்டு. காசிட்டா மூன்றில் எதைத் தேர்ந்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆலிவர் காலைப்பொழுது, ராத்திரி இரண்டையும் தருகிறது. ஆனால் விலையும் எடையும் வேறு உயரத்தில் இருக்கின்றன, இரண்டு ஆக்சில் வேண்டியிருக்கிறது.

அலுமினியத்தில் செய்யும் ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லரில் இந்த நுணுக்கம் வேறு விதமாக வெளிப்படுகிறது. ஃப்ளையிங் க்ளவுட் 25 எஃப்பி, 25 ஆர்பி என இரண்டு மாடல். முதலாவதில் கட்டில் முன்னால், உட்காரும் இடம் பின்னால், இரண்டாவதில் நேரெதிர். காகிதத்தில் பார்த்தால் படத்தைத் திருப்பிப் போட்டதுபோல இருக்கும். கூடார மைதானத்தில் வண்டியை எப்படி நிறுத்துகிறோம் என்று யோசித்தால்தான் பொருள் விளங்கும். பெரும்பாலும் ரிவர்ஸில்தான் உள்ளே தள்ளுவோம். ஆகவே வண்டியின் பின்புறம் ஏரியையோ காட்டையோ பார்க்கும். முன்புறம் சாலையையும் நம்முடைய பிக்கப்பையும் பார்க்கும். எஃப்பியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு ஏரி. ஆர்பியில் படுக்கையில் கண் விழிக்கிறவருக்கு ஏரி. பகல் முழுவதும் நடைப்பயணத்தில் இருந்துவிட்டு இருட்டியபின் திரும்புகிற ஜோடிக்கு ஆர்பிதான் பொருத்தம். விடியற்காலையில் மட்டுமே அவர்கள் அந்த ஏரியைப் பார்க்கப்போகிறார்கள். வண்டியிலேயே எழுதுகிறவர், வரைகிறவர், பறவை பார்க்கிறவர் இருந்தால் நான் யோசிக்காமல் எஃப்பி என்பேன்.

பிரிட்ஜையும் காதால் கேட்டுத் தேர்வு செய்ய வேண்டும். கேஸில் ஓடும் பழைய வகை அப்சார்ப்ஷன் பிரிட்ஜில் கம்பிரசரே கிடையாது, மூச்சுக்கூட விடாது. ஆனால் வண்டி சமமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் சரியாகக் குளிராது. 12 வோல்ட் கம்பிரசர் பிரிட்ஜ் சாய்வைப் பொருட்படுத்தாது, சீக்கிரம் குளிரும். விட்டு விட்டு மெல்ல முனகும். வீட்டில் அந்த முனகலை யாரும் கவனிப்பதில்லை. இங்கே தலையணைக்கும் பிரிட்ஜுக்கும் நாலைந்து அடி.

எடைக் கணக்கில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ட்ரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடும். இழுக்கும் வண்டியில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏறலாம் என்று ஒரு ஸ்டிக்கர் சொல்லும். கொக்கியில் இறங்கும் எடையையும் தம்பதியர் இருவரின் எடையையும் அந்த எண்ணிலிருந்தே கழிக்க வேண்டும். இழுக்கும் திறன் தாராளமாக இருந்தும் இந்த எண் போதாமல் போகிற வண்டிகள் நிறைய.

காசிட்டாவும் ஆலிவரும் நெடுங்காலம் தொழிற்சாலையிலிருந்து நேராக விற்கப்பட்டவை. அதனால் அருகில் இருக்கும் யாராவது ஓர் உரிமையாளர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதே வழக்கம். அவர்களும் பெருமையோடு திறந்து காட்டுவார்கள். அப்போது இருவருமாகப் போக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்க்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் எழுந்து குளியலறைவரை போய்வர வேண்டும். பிறகு ஒருவர் அடுப்புக்கு முன்னால் நிற்க, மற்றவர் அவரைக் கடந்து வாசலுக்குப் போக வேண்டும். கடக்க அகலம் இருக்காது, யாராவது ஒதுங்க வேண்டும். ஸ்பிரிட்டில் ஒதுங்குகிறவர் குட்டி மேசையில் உட்கார்ந்துவிடலாம். ஃப்ரீடமில் நாற்காலியைத் திருப்பிக் காலை ஒடுக்கிக்கொள்ளலாம். லிபர்ட்டியில் இரண்டடி பின்வாங்கித் தன் கட்டிலிலேயே உட்கார வேண்டும்.