கரையோரம் நீந்தியது போதும்: ஜும்பா லாஹிரியின் ஒரு நூல்

புது மொழி கற்கத் தொடங்கும்போது இருந்த ஆர்வம் சில மாதங்களிலேயே ஏன் வற்றிவிடுகிறது? ஜும்பா லாஹிரியின் ‘இன் அதர் வர்ட்ஸ்’ நூலை இந்தக் கேள்வியோடு வாசியுங்கள். ஆங்கிலத்தில் எழுதி 2000இல் புலிட்சர் பரிசு பெற்றவர், 2012இல் ரோமில் குடியேறி, 2015இல் இந்நூலை இத்தாலிய மொழியிலேயே வெளியிட்டார்.

மொழி கற்றலை ஏரியில் நீந்துவதோடு ஒப்பிடுகிறார்: பல ஆண்டுகள் கரையோரமே நீந்தியவர் ஒருநாள் குறுக்கே கடக்கிறார். அருமையான உவமை. ஆனால், அடுத்தடுத்து உவமைகளாகவே வரும்போது சலிப்புத் தட்டுகிறது. “அவங்களுக்கு வசதி இருக்கு, ரோமுக்கே போயிட்டாங்க. எங்களுக்குப் பரீட்சைதானே இருக்கு?” என்று மாணவர் கேட்டால், அதற்கும் நூலில் நேரடியான பதில் இல்லை.

ஆனாலும் ஒரு பாடம் உண்டு. தெரியாத சொற்களைக் குறிப்பேட்டில் எழுதுகிறார், பல மறந்துபோகின்றன, மறுபடியும் எழுதுகிறார். நாட்குறிப்பையும் பிழைகளோடு இத்தாலிய மொழியிலேயே எழுதுகிறார். அந்தப் பழக்கமே ஆர்வத்தைக் காத்தது என்பது என் வாசிப்பு.

ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு பக்கத்தையாவது சிவப்பு மை படாமல் விட்டுவையுங்கள். மாணவர்களே, இன்னிக்கு மூணு வரி எழுதுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல.