இறக்கத்தில் தெரியும் அழகு

மாதிரி விமானத்தை ரசிக்கத் தெரிந்தவர்கள் அது ஏறுவதைவிட இறங்குவதைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். செங்குத்தாக ஏற வலிமை போதும். ஏறிய அதே வேகத்தில், அவசரப்படாமல், செங்குத்தாக இறங்கி வருவதற்கு அடக்கம் வேண்டும். மின்மோட்டார் இந்தக் கலைக்குத் தந்த பெரிய கொடை அந்த அடக்கம்தான். ஓசை குறைந்ததும் எண்ணெய்ப் பிசுக்கு போனதும் அதற்கு அடுத்தபடி.

எஞ்சின் காலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1947இல் அமெரிக்காவின் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக் ஒரு சின்ன அதிசயம். பேட்டரி கொடுத்து ஒருமுறை பழுக்கவைத்தால் போதும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். பிளாட்டினம் கலந்த சுருள்கம்பி மெத்தனால் ஆவி பட்டுப்பட்டே கனன்றுகொண்டிருக்கும். எரிபொருளில் சேர்த்த விளக்கெண்ணெய் புகைந்து மைதானமெங்கும் மணக்கும். ஊசி வால்வைத் திருகுவது காதின் வேலை. எரிபொருள் மிகுந்தால் எஞ்சின் குழறும். திருகத் திருகக் குரல் தெளிந்து உச்சிக்குப் போகும். அங்கேயே நிறுத்தக் கூடாது, சற்றுப் பின்வாங்க வேண்டும். மூக்கு வானைப் பார்க்கும்போது எரிபொருள் மேலேறி வரவேண்டியிருப்பதால் கலவை மெலியும். அதற்கு முன்கூட்டியே இடம் விடும் கணக்கு அது. தேர்ந்த காதுக்காரர் அதைச் செய்யும்போது தம்புராவுக்குச் சுருதி சேர்வதைக் கேட்பது போலிருக்கும்.

மின்சாரம் அந்தக் காலத்திலேயே எட்டிப்பார்த்துவிட்டது. 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்லின் தமது 'ரேடியோ குவீன்' விமானத்தை வெள்ளி-துத்தநாக பேட்டரியில் பறக்கவிட்டார். டீசல் எஞ்சினுக்குப் பெயர்போன மனிதரே அதைச் செய்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனாலும் பேட்டரியின் கனம் நெடுங்காலம் சிறகை அழுத்தியது. லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் கைகோத்த பிறகே நிலைமை மாறியது.

அந்த மாற்றத்தை எஃப்3ஏ என்ற சாகசப் பறத்தல் போட்டியில் பார்க்க வேண்டும். நீளமும் சிறகும் 2 மீட்டருக்குள், எடை 5 கிலோவுக்குள் என்பது அங்கே வரம்பு. எஞ்சின் விமானத்தை எரிபொருள் இல்லாமல் நிறுத்தார்கள். மின்விமானத்தைப் பேட்டரியோடு நிறுத்தார்கள். அப்படியிருந்தும் களத்தைப் பிடித்தது மின்மோட்டார்தான்.

காரணம் புரொபெல்லர். பெரிய புரொபெல்லரை நிதானமாகச் சுழற்றும் முறுக்குவிசை மோட்டாருக்கு இயல்பிலேயே உண்டு. எஞ்சினோ விரைந்து சுழன்றால்தான் பலம் காட்டும். அதிகம் குறைத்தால் அணைந்துவிடுமோ என்ற கவலை வேறு. இறக்கத்தில் த்ராட்டிலைக் குறைத்ததும் மோட்டார் புரொபெல்லரைக் காற்றின் இழுப்புக்கு விடாமல் பிடித்துக்கொள்கிறது. அகன்ற அந்த வட்டமே காற்றைத் தடுத்து விமானத்தின் வேகத்தை அடக்குகிறது.

எடையிலும் ஒரு நுட்பம் உண்டு. டாங்க் வற்ற வற்ற எஞ்சின் விமானம் இலேசாகும். டாங்க் மூக்கருகே இருந்தால் எடை மையமும் பின்னால் நகரும். பேட்டரி தீர்ந்தாலும் கனம் குறையாது. முதல் வளையத்துக்கும் கடைசி வளையத்துக்கும் விமானம் ஒரே மாதிரி கைக்கு அடங்குகிறது. ஆனால் ஏறிய எடையோடுதான் தரையிறங்க வேண்டும். ஓடுபாதையை நெருங்கும்போது கொஞ்சம் கூடுதல் வேகம் வைத்திருக்க எஞ்சின்காரர்கள் பழகிக்கொள்ள வேண்டும்.