வெட்டுப்புள்ளியும் சான்றும்

பல்கலைக்கழக அனுமதி குறித்து நம்மவரிடையே நிகழும் விவாதங்கள் எது நியாயம் என்னும் கேள்வியோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. நியாயமென வகுக்கப்பட்ட திட்டம் உண்மையில் எந்தப் பிள்ளையைச் சென்றடைந்தது என்று கேட்போர் மிகச் சிலரே.

1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளியும் எல்லையாக வகுக்கப்பட்டன. அநீதி வெளிப்படையானது, அதன் அரசியல் விளைவுகளை நாடு அறியும். ஆனால் 1974இல் வந்த மாவட்டக் கோட்டாவை அதே தராசில் நிறுத்து எறிந்துவிடுவது வன்னியிலிருந்து நோக்குவோருக்கு அத்துணை எளிதன்று. அது யாழ்ப்பாணத்துக்கு இழப்பாயிற்று. பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒரு வாயிலைத் திறந்தது. எனினும் எந்த அலகைக் கொண்டு அளந்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். கிளிநொச்சி 1984இலேயே தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் பத்தாண்டுகள், குளத்தை நம்பி வாழ்ந்த கிளிநொச்சிக் குடியேற்றவாசியின் மகன் யாழ்நகரின் பெருங் கல்லூரி மாணவனோடு ஒரே மாவட்டக் கணக்கில் எண்ணப்பட்டான். பின்தங்கியோருக்கென வந்த திட்டம் அவனைப் பின்தங்கியவனாகக் காணவில்லை.

இன்றைய முறையில், கலைத்துறை நீங்கலாக, 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவை. முல்லைத்தீவு இப்பதினாறில் ஒன்று. ஆண்டுதோறும் இம்மாவட்ட இடங்கள் நிரம்புவதைக் காட்டி, திட்டம் வெற்றி என்கின்றனர். இடங்கள் நிரம்புவது சூத்திரத்தின் விளைவு. அது வெற்றிக்குச் சான்றாகாது. நிரப்பியவர் யார்? அரசாங்க உத்தியோகத்தரின் பிள்ளையா, கடற்றொழிலாளியின் பிள்ளையா? மாவட்டம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வர்க்கம் மறைந்துவிடுகிறது.

புதுக்குடியிருப்பில் இக்குறைபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2009இல் இப்பிரதேசம் முற்றாக இடம்பெயர்ந்தது. மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரை மீள்குடியேற்றம் முடியவில்லை. கூரையற்ற வகுப்பறைகளின் காலத்தை அடிப்படை ஆண்டாகக் கொண்டால், பின்வரும் எந்த ஆண்டும் முன்னேற்றமாகத்தான் தோன்றும். இலவச உயர்தர வகுப்புகளும் கருத்தரங்குகளும் நடத்தும் அன்பர்கள் தம் அறிக்கைகளில் இந்த ஏற்றத்தைத் தமதாக்கிக்கொள்வதுண்டு. அவர்கள் நோக்கம் நல்லது, கணக்குத்தான் பிழை. கருத்தரங்குக்கு வருபவர் யாவரும் சாதாரணதரத்தைத் தாண்டி, பஸ்ஸுக்குக் காசும் வீட்டில் ஒருநாள் ஓய்வும் பெற்றவர்கள். அவர்களுள் இத்தனை பேர் தெரிவாயினர் என்பது, வகுப்பு இல்லாதிருந்தால் எத்தனை பேர் தெரிவாகியிருப்பர் என்பதற்கு விடையாகாது. கணித விஞ்ஞானப் பிரிவுகள் 1ஏபி பாடசாலைகளுக்கே உரியவை என்பதையும் சேர்த்து எண்ணுக. 1சி பாடசாலையில் படித்து, பௌதிகவியல் என்ற தெரிவே முன்வைக்கப்படாத மாணவி எந்த வீதத்தின் பகுதியெண்ணிலும் இல்லை.

இங்கிலாந்தில் உயர்கல்வியைக் கண்காணிக்கும் மாணவர் அலுவலகம் 2019இல் சான்றுகளை மூவகையாகப் பிரித்தது: திட்டத்தின் தருக்கத்தை எடுத்துரைப்பது, மாற்றத்தை அளந்து காட்டுவது, அம்மாற்றத்துக்குத் திட்டமே காரணமென நிறுவுவது. நம் அறிக்கைகளிற் பெரும்பாலானவை முதலாம் படியில் நின்றுகொண்டு மூன்றாம் படியின் குரலிற் பேசுகின்றன. பிள்ளைகளைச் சோதனைப் பொருளாக்கலாமா என்று சிலர் வெகுளலாம். விடுதி வகுப்பொன்றுக்கு நூறு பேர் விண்ணப்பிக்க, நாற்பது இடமே இருக்குமாயின், அறிந்தவரின் சிபாரிசைக் காட்டிலும் திருவுளச்சீட்டு நேர்மையானது. எஞ்சிய அறுபதின்மரின் பெறுபேற்றையும் குறித்துவைத்தால் ஒப்பீடும் கைவரும்.

இதற்குக் கொழும்பின் உத்தரவு வேண்டியதில்லை. ஆறாந் தரத்தில் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் சேர்விடாப்பில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கி, யார் எந்த ஆண்டில் விலகினர், யார் எப்பிரிவுக்குச் சென்றனர், பெற்றோர் தொழில் என்ன, அனுமதி பெற்றோருள் ஆங்கிலமொழி மூல விரிவுரைகளைத் தாங்கிப் பட்டம் முடித்தவர் எத்தனை பேர் என்று ஆசிரியர் சங்கங்களே தொகுக்கலாம். பெயர்களை மறைத்து வெளியிடலாம். இப்பிரதேசத்தின் ஒரு பாடசாலையாவது வருகிற தவணையில் இதைத் தொடங்குமாயின், அப்பட்டியலை இவ்விதழில் விவாதிக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.