கேமராவில் சிக்காத கரகரப்பு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் ஒருவருக்கு மூன்று வாரமாகத் தொண்டை கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. இனி ஈ.என்.டி. டாக்டர்தான். அவர் கேமரா விட்டுப் பார்ப்பார். குரல்நாணிலோ அதன் நரம்பிலோ பழுது என்றால் உறுப்புசார் குறை. எல்லாம் நன்றாக இருந்தும் குரல் கெட்டிருந்தால் செயல்சார் குறை.

இந்தப் பாகுபாட்டை லேசாக ஒதுக்கிவிட முடியாது. இடது குரல்நாணுக்கான நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. நுரையீரல் கட்டி அதை அழுத்தினால் சில சமயம் குரல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மறுபக்கம், மீசை அரும்பியும் கீச்சுக்குரல் போகாத பையன். ஸ்பீச் தெரபிஸ்ட் அவன் குரல்வளை மேட்டை விரலால் மெல்ல அழுத்தி, ‘ஆ’ என்று இழுக்கச் சொல்வார். கனத்த குரல் ஒன்று வரும். பையனே திடுக்கிட்டுப் போவான். அங்கே கத்திக்கு வேலையில்லை.

சிக்கல், ஆவடியில் பாடம் நடத்தும் ஒரு டீச்சரிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை மோதிக்கொள்கின்றன. வகுப்பை அடக்கக் கத்திக் கத்தி, மோதும் இடத்தில் காய்ப்பு விழுகிறது, மண்வெட்டி பிடித்த கையில் விழுவதுபோல. கண்ணுக்குத் தெரிவதால் இது உறுப்புக் குறையா, கத்தியதால் வந்தது என்பதால் செயல் குறையா? பாடநூல்களே ஒத்துப்போவதில்லை. காய்ப்பை மட்டும் அறுத்துவிட்டு அதே வகுப்புக்கு அனுப்பினால் அது திரும்பவும் வரும்.

அதைவிட எனக்கு உறுத்துவது ‘செயல்சார்’ என்ற சொல் நம் ஓ.பி. வரிசையில் மொழிபெயர்க்கப்படும் விதம்: “ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான்.” கழுத்துத் தசை இறுகி, சாயங்காலம் எச்சில் விழுங்கவே வலிக்கிறவருக்கு, நடிக்கிறாய் என்று சொன்னதுபோலத்தான் அது கேட்கும். தெரபி பக்கமே போகமாட்டார்.

இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்று பிரெஞ்சு மருத்துவர் லோம்பார் 1911-லேயே எழுதிவிட்டார். டீச்சருக்கு ஒரு காலர் மைக், பிரஸ் ஷாப்பில் கூப்பிட ஒரு சிவப்பு விளக்கு. இவை இரண்டு வகையிலும் அடங்காத வைத்தியம். சூப்பர்வைசர் கையிலோ ‘பேச்சைக் குறைக்கவும்’ என்ற சீட்டு. திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டில், பிரஸ்ஸின் இரண்டு அடிக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில், வாயருகே கையைக் குவித்து மூன்றாவது மெஷின்காரரைக் கூப்பிடுகிறார்.