கம்பியின் வயது

மொஸார்ட் வாசித்த பியானோ சால்ஸ்பர்கில் இருக்கிறது. 1782 வாக்கில் வியன்னாவில் அன்டன் வால்ட்டர் செய்தது. வால்ட்டரின் கருவிகளை அளந்து செய்த நகல்கள் இன்று பல நாடுகளின் மேடைகளில் ஏறுகின்றன. மொஸார்ட் கேட்ட ஓசை இதுதான் என்பது பேச்சு. ஆனால் அந்த சால்ஸ்பர்க் கருவியின் சுத்தியல் பொறியே 1791இல் அவர் செத்த பிறகு மாற்றப்பட்டது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அசலே திருத்திய பதிப்பு என்றால் நகல் எதனுடைய நகல்? நம் மொழியில் 'பிரதி' என்றால் நகலும்தான், எழுத்தும்தான். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருப்பது சௌகரியமாகத்தான் இருக்கிறது.

'பழைய முறைப்படி வாசிப்பது' என்பது இருபதாம் நூற்றாண்டு நவீனத்துவ ரசனை போட்டுக்கொண்ட வேஷம் என்று ரிச்சர்ட் டாருஸ்கின் 1995இல் வந்த தன் கட்டுரைத் தொகுப்பில் போட்டு உடைத்தார். சரியான அடி. ஆனால் அவர் கவனம் பெரும்பாலும் இசைத்தாளிலும் வாசிப்பவரின் விரலிலும் நின்றுவிடுகிறது. கம்பி மாட்டுகிறவரும் சுதி சேர்க்கிறவரும் கோட்பாட்டுக்கு வெளியேதான். வழக்கமானதுதானே.

கருவிக்குள் குனிந்து பார்ப்போம். ஐந்து ஸ்தாயி, 61 கட்டை. கட்டைக்கு இரண்டு கம்பி, உச்சத்தில் மூன்று. கீழே பித்தளை, மேலே இரும்பு. இன்றைய கச்சேரிப் பியானோவின் கம்பிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 20 டன் இழுக்கின்றன. தாங்குவதற்கு வார்ப்பிரும்புச் சட்டம். வால்ட்டரிடம் அந்தச் சட்டம் கிடையாது, மரம்தான். அவர் காலத்து இரும்புக் கம்பி அறுந்துபோகும் எல்லைக்குப் பக்கத்தில் இழுபட்டு நின்றது. அதே நீளத்தில் அதே சுதியில் இன்றைய எஃகுக் கம்பியை மாட்டினால் அது பாட்டுக்குச் சாவகாசமாக நிற்கும், எல்லைக்கு வெகு தூரத்தில். அந்த ஓசை வேறே என்கிறார்கள் செய்கிறவர்கள்.

சரி, பழைய கம்பியையே மாட்டலாமே? அது கடையில் இல்லை. 17, 18ஆம் நூற்றாண்டுக் கம்பிகளை மார்த்தா குட்வேயும் ஜே ஸ்காட் ஆட்ஜர்ஸும் உலோகவியல்படி ஆராய்ந்து 1987இல் நூலாக்கினார்கள். அந்த இரும்பில் கரி குறைவு, பாஸ்பரஸ் இருந்தது. கம்பிக்கு வலு கொடுத்தது அது. நவீன எஃகாலைக்கோ பாஸ்பரஸ் ஒரு அழுக்கு, வெளியேற்ற வேண்டியது. முன்னேற்றம் அழுக்கென்று தள்ளியதைத் திரும்பச் சேர்த்துத் தனியாகக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் மால்கம் ரோஸ், கனடாவில் ஸ்டீபன் பிர்கெட் போன்றவர்கள் அதற்கென்றே மெனக்கெட்டார்கள். நகலின் உடம்பில் மிகப் பழசாக ஒலிக்க வேண்டிய உறுப்புதான் அதில் ரொம்ப இளசு. இது மோசடி என்று நான் சொல்லவில்லை. இது உற்பத்தி. உற்பத்தி என்று ஒத்துக்கொள்ளாமல் 'மீட்பு' என்று பேசுவதில்தான் எனக்குத் தகராறு.

சுதியும் அப்படித்தான். 440 என்பது 1939இல் லண்டனில் கூடி முடிவுசெய்தது. நகல் பியானோக்களுக்கு இன்று பெரும்பாலும் 430. பதினெட்டாம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் சுதி வேறு. பல நாட்டு வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார 430 தோதாக இருக்கிறது, அவ்வளவுதான். அதையும் வரலாறு என்கிறார்கள்.

1801இல் வியன்னாவில் ஒரு சிறு கையேடு வந்தது: பியானோவை வாசிப்பது, சுதி சேர்ப்பது, பராமரிப்பது பற்றி. எழுதியவர் ஆந்திரேயாஸ் ஸ்ட்ரைஹர். கருவிகளைச் செய்தது அவர் மனைவி நானெட்டும் அவள் தம்பியும் நடத்திய பட்டறை. அவள் ஆக்ஸ்பர்க்கில் அப்பன் ஸ்டைனின் பட்டறையில் தொழில் படித்தவள். 1802இல் தம்பியிடமிருந்து பிரிந்தபின் கருவிகளில் தன் பெயரையே, பிறந்த வீட்டுப் பெயரோடு, பொறித்தாள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கையேடு யாரிடம் பேசுகிறது என்பது: கருவியை வைத்திருப்பவரிடம். விரலுக்கும் முறுக்கும் சாவிக்கும் ஒரே புத்தகம். அந்த இரண்டையும் பிரித்து ஒன்றைக் கலை என்றும் மற்றதைக் கூலிவேலை என்றும் ஆக்கியது பின்னால் வந்த கச்சேரி மண்டபம். பழமையை மீட்பதாகச் சொல்லும் மேடையும் அந்தப் பிரிவினையை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. மரச்சட்டம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அசையும், சுதி நகரும். இடைவேளையில் சபை காப்பி குடிக்கப் போகிறபோது ஒருவர் வந்து குனிந்து முறுக்கிவிட்டு, மணி அடிப்பதற்குள் போய்விடுகிறார்.