கணக்கும் சாதகமும்: தென்சென்னைப் புறநகரில் ராகக் கல்வி

கர்நாடக இசையின் ராகங்களை இரு வழிகளில் அணுகும் மரபு உண்டு. சுரங்களின் சேர்க்கைகளைக் கணக்கிட்டு வகைப்படுத்துவது இலக்கண வழி. ஆசிரியர் முன் அமர்ந்து, கேட்டதைத் திரும்பத் திரும்பப் பாடி ராகத்தின் உருவத்தைக் குரலில் ஏற்றிக்கொள்வது சாதக வழி. சென்னையின் தெற்கிலும் தென்மேற்கிலும் அமைந்த சிறுசேரி, கோவூர், திருவான்மியூர் ஆகிய மூன்று ஊர்களை ஒருசேர நோக்கினால், இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று எவ்வாறு வேண்டி நிற்கின்றன என்பதும், ராகத்துக்கு உயிர் தருவது இறுதியில் சாதகமே என்பதும் விளங்கும்.

இலக்கண வழியின் சிகரம் 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் வகுத்த 72 மேளத் திட்டமாகும். மேளம் என்பது ஏழு சுரங்களையும் முறையாகக் கொண்ட தாய்ராகம். ஷட்ஜமும் பஞ்சமமுமான ஸ, ப இரண்டும் மாறாதவை, மத்திமம் இருவகை, ரிஷபமும் காந்தாரமும் தமக்குரிய நான்கு இடங்களில் இரண்டு இடங்களைப் பற்றும்போது ஆறு இணைகள் பிறக்கின்றன, தைவத நிஷாதங்களுக்கும் அவ்வாறே ஆறு இணைகள் உண்டு. ஆறையும் ஆறையும் பெருக்கி, மத்திமத்தின் இரண்டால் மீண்டும் பெருக்க 72 கிடைக்கிறது. வடநாட்டில் பாத்கண்டே இந்துஸ்தானி ராகங்களைப் தாட்டு எனப்படும் பத்துப் பெருவகைகளுக்குள் அடக்கினார். அது வழக்கில் இருந்த ராகங்களைத் தொகுத்த முறை. வேங்கடமகியின் திட்டமோ, தம் காலத்தில் யாரும் பாடாத ராகங்களுக்கும் இடம் ஒதுக்கி வைத்தது.

இத்தகைய கணக்கின் அழகை உணரத்தக்க நிறுவனம் ஒன்று சிறுசேரியில் இருக்கிறது. 1989இல் தொடங்கப்பெற்று 2005இல் சிறுசேரி வளாகத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கணிதக் கழகத்தின் நிறுவனர் சி. எஸ். சேஷாத்ரி (1932–2020), 1965இல் வெளியான நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்தால் உலகறிந்த கணித அறிஞர். கர்நாடக இசையை முறையாகக் கற்றுத் தேர்ந்து பாடவும் வல்லவர். கணக்கில் இத்துணைத் தோய்ந்த ஒருவரும் இசைக்காகத் தனியே குரலைப் பழக்க வேண்டியிருந்தது என்பது எண்ணத்தக்கது. 72 என்ற விடையை ஒருமுறை நிறுவினால் போதும், ஆனால் அந்த 72இல் ஒன்றைப் பாட ஆண்டுகள் வேண்டும்.

அதற்குக் காரணம், ராகம் ஆரோகண அவரோகணத்தோடு, அதாவது ஏறுவரிசை இறங்குவரிசையோடு, முடிந்துவிடுவதில்லை என்பதே. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஏறுவரிசை ஸ ரி ம ப த ஸ என்பதே. இறங்குவரிசையில் ஏழு சுரங்களும் வருவதும் இரண்டுக்கும் பொது. ஆயினும் ஆரபி விறுவிறுப்பாக, காந்தாரத்தில் நில்லாமல் செல்கிறது. தேவகாந்தாரி அதே காந்தாரத்தை நீட்டி அசைத்து, நிதானமாக நடக்கிறது. சுரத்தை அசைத்தும் வழுக்கியும் அழுத்தியும் ஒலிக்கும் கமகமும், ராகத்தை உடனே இனங்காட்டும் பிடி எனப்படும் சுரத்தொடரும், ஒரு சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்ற அளவுமே ராகத்தைத் தீர்மானிக்கின்றன.

குன்றத்தூருக்கு அருகிலுள்ள கோவூர் இதற்கு அரிய சான்று. அங்குள்ள சுந்தரேசுவரர் மீது தியாகராஜர் (1767–1847) இயற்றிய கோவூர்ப் பஞ்சரத்தினங்களில் கரஹரப்பிரியா, பந்துவராளி, கல்யாணி, சங்கராபரணம் ஆகிய நான்கும் மேளராகங்கள். ஐந்தாவதான சஹானா 28ஆம் மேளமான ஹரிகாம்போஜியில் பிறந்த சேய்ராகம். ஹரிகாம்போஜியின் சுரங்களையே சஹானா கொண்டிருந்தாலும், 'க ம ரி க ரி ஸ' என்று வளைந்து இறங்கும்போதுதான் அது சஹானா ஆகிறது. அந்த வளைவில் ரிஷபம் எவ்வளவு தாழ்ந்து அசைய வேண்டும் என்பதைச் சுரக்குறிப்பு உணர்த்தாது. கேட்ட செவியும் பழகிய தொண்டையுமே அறியும்.

இப்பழக்கம் சரளிவரிசையில் தொடங்குகிறது. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் இப்பாடங்கள் 15ஆம் மேளமான மாயாமாளவகௌளையில் அமைந்தவை. ஸ–ரி நெருக்கம், ரி–க அகலம், க–ம நெருக்கம் என்னும் அதே அமைப்பு ப–த, த–நி, நி–ஸ என மேற்பாதியிலும் திரும்பி வருவதால், நெருங்கிய இடைவெளியையும் அகன்ற இடைவெளியையும் குரல் ஒருங்கே கற்கிறது. ஆதிதாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரமென முதற்காலத்திலும், இரண்டென இரண்டாங்காலத்திலும், நான்கென மூன்றாங்காலத்திலும் பாடும்போது கை தட்டும் வேகம் மாறுவதில்லை. விரைவிலும் சுரத்தானம் பிசகாதிருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். பின்னர் ஜண்டைவரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் எனப் பாடம் வளர்கிறது. சுரப்பெயரை விட்டு 'ஆ' என்று மட்டும் இசைக்கும் அகாரப் பயிற்சி குரலின் குறைகளை ஒளிவின்றிக் காட்டிவிடுகிறது.

இவ்வொழுக்கத்தை நிறுவன அமைப்பில் காத்த இடம் கலாக்ஷேத்திரா. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் அடையாற்றில் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர் திருவான்மியூரில் நிலைகொண்டது. டைகர் வரதாச்சாரியார் (1876–1950), மைசூர் வாசுதேவாச்சார் (1865–1961) போன்ற பெருவித்துவான்கள் அங்கு கற்பித்தனர். டைகரின் மாணவரும் பின்னர் அங்கேயே ஆசிரியராக விளங்கியவருமான எம். டி. ராமநாதன் (1923–1984), தம் கனத்த குரலுக்கேற்ற விளம்பகாலத்தில், அதாவது மெதுவான நடையில், ராகங்களை விரித்துப் பாடினார். 'வரததாச' என்ற முத்திரையால் தம் பாடல்களில் ஆசிரியரை நினைவில் நிறுத்தினார். எனினும் அவர் டைகரின் நிழலாகப் பாடவில்லை. நகலெடுப்பதில் தொடங்கும் சாதகம் தனித்த குரலில் கனிய முடியும் என்பதற்கு அவரே போதிய சான்று.

இன்று ராஜீவ் காந்தி சாலையின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களுக்கும் தாம்பரத்துக்கும் இடைப்பட்ட குடியிருப்புகளில், வேலைநேரத்துக்கு முன்னும் பின்னும் இசை பயில்வோர் உள்ளனர். அவர்களுட் சிலருக்கு ஆசிரியர் காணொலி வழியே கிடைக்கிறார். தொலைவைக் கடக்க அது பேருதவி. ஆனால் இணையத்தில் ஒலி சற்றுத் தாமதித்தே வந்து சேர்வதால், ஆசிரியரும் மாணவரும் ஒரே தாளத்தில் இணைந்து பாடுவது அரிதாகிறது. ஒருவர் பாட மற்றவர் திருப்பிச் சொல்வதே வழியாகிறது. ஒரே சுருதியில் இரு குரல்கள் இழையும்போது மாணவரின் கமகம் தானே திருந்தும் வாய்ப்பு அங்கே குறைகிறது. ஆகவே புறநகரின் தெருக்களில் நடைபெறும் சிறு இசைவகுப்புகளைப் பேணுவது இன்றியமையாதது. மேளத்தின் கணக்கை எந்தக் கருவியிலும் சேமித்துக்கொள்ளலாம். சஹானாவின் ரிஷபத்தை ஒருவர் பாடிக் காட்ட மற்றொருவர் அருகிருந்து வாங்கிக்கொண்டால்தான் அடுத்த தலைமுறைக்கு அது சஹானாவாகவே சென்று சேரும்.